மலைமேல் இரண்டு ஏரிகள், ஒரு புட்டித் தண்ணீர்

டயாலிசிஸ் செய்துகொள்பவர் வெளியூர் செல்லலாமா என்னும் கேள்வியைக் காத்திருப்புக் கூடத்தில் எங்களிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். ஏலகிரி சென்று வந்த செய்தியை எங்கள் தந்தையாரே பக்கத்துப் படுக்கைக்காரரிடம் சொல்லி, அது கூடம் முழுவதும் பரவிவிட்டதே அதற்குக் காரணம். இச்செய்தி மடலின் ஆசிரியர் குழுவினரும் எழுதித் தருமாறு கேட்டனர். அக்காளும் தம்பியுமாகிய நாங்கள் இருவரும் சேர்ந்து இதனை எழுதுகிறோம். நாங்கள் மருத்துவர்கள் அல்லர். ஒருவர் கைப்பேசி பொருத்தும் ஆலையிலும் மற்றவர் கார் உதிரிப்பாக ஆலையிலும் பணிபுரிகிறோம். ஆகவே இதில் வரும் அளவுகள் எங்கள் தந்தையாருக்கு அவருடைய மருத்துவர் வகுத்துக் கொடுத்தவை. ஒருவருக்குச் சொன்ன அளவு மற்றவருக்குப் பொருந்தாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

அப்பா ஒரகடத்துக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில் ஏரிப்பாசன நிலத்தில் பயிர் செய்தவர். அவருடைய தந்தையார் அவ்வூரின் நீர்க்கட்டி. மதகைத் திறந்து எந்த வயலுக்கு எத்தனை நாழிகை தண்ணீர் என்று பிரித்துவிடும் பொறுப்பு அவருடையது. தொழிற்பேட்டை வந்தபின் நிலம் போயிற்று. அப்பா பத்தாண்டுகளுக்கு மேல் ஓர் ஆலை வாயிலில் காவலராக நின்றார். நீரிழிவு அவரிடம் எப்போது வந்தது என்பதை நாங்கள் கவனிக்கவில்லை. கால் வீக்கத்துடன் இங்கு வந்து சேர்ந்தபோது சிறுநீரகங்கள் ஏறக்குறைய முழுதும் செயலிழந்திருந்தன. அன்றிலிருந்து இரண்டு ஆண்டுகளாகத் திங்கள், புதன், வெள்ளி ஆகிய மூன்று கிழமைகளிலும் தலா நான்கு மணி நேரம் அவர் இயந்திரத்தோடு இணைக்கப்பட்டிருக்கிறார்.

தறியில் கட்டிய மாடு என்று தம்மைப் பற்றி அவரே சொல்லிக்கொள்வார். முதலில் சிரித்துக்கொண்டே சொன்னார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. சென்ற சித்திரை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை ‘இன்று வரமாட்டேன்’ என்று படுத்துவிட்டார். நாங்கள் கெஞ்சினோம், அம்மா அழுதார், அவர் அசையவில்லை. ஞாயிறு இரவு மூச்சுத் திணறலோடு அவசரப் பிரிவுக்குத் தூக்கிவந்தோம். நுரையீரலில் நீர் கோத்திருந்தது. மறுநாள் கண் விழித்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி எங்களைப் பற்றியதோ தம்மைப் பற்றியதோ அன்று. “மலைமேல் ஏரி இருக்கிறதாமே, அது எப்படி நிற்கும்?” என்றார். அதற்கு முந்தைய வாரம் காத்திருப்புக் கூடத்துத் தொலைக்காட்சியில் ஏலகிரியைக் காட்டியிருக்கிறார்கள். மழை பெய்தால் மலையிலிருந்து நீர் இறங்கி வருவதையே வாழ்நாளெல்லாம் கண்டவருக்கு, அது மேலேயே தங்கி நிற்பது புதிராக இருந்திருக்கிறது.

அந்தக் கேள்வியை நாங்கள் விடவில்லை. இரண்டு மாதங்கள் ஓர் அமர்வையும் தவறவிடாமல் வந்தால் அழைத்துச் செல்வதாகச் சொன்னோம். பேரம் பேசுவது சரியா என்று இன்றும் எங்களுக்கு ஐயம் உண்டு. ஆனால் அவர் வந்தார்.

சிறுநீரக மருத்துவரிடம் கேட்டபோது அவர் தடுக்கவில்லை, நாளை மட்டும் மாற்றினார். எங்கள் இருவருக்கும் வார விடுமுறை ஞாயிறுதான். மருத்துவரோ சனிக்கிழமை செல்லுங்கள் என்றார். வெள்ளிக்கும் திங்களுக்கும் இடைப்பட்டது வாரத்தின் நீண்ட இடைவெளி. அந்த இடைவெளியில் உடலில் நீரும் பொட்டாசியமும் நாளாக நாளாக ஏறிக்கொண்டே வரும். நீண்ட இடைவெளி முடியும் நாளில்தான் டயாலிசிஸ் நோயாளிகளிடையே இறப்பும் இதய நோயால் மருத்துவமனையில் சேர்வதும் கூடுதலாக இருப்பதை 2011-இல் வெளியான பெரியதோர் அமெரிக்க ஆய்வும் காட்டியிருக்கிறது. வெள்ளியன்று சுத்திகரிப்பு முடிந்தால் அன்று மாலை களைப்பாக இருக்கும். சனி காலையில் உடல் தெளிவாக இருக்கும். ஞாயிறு ஓய்வுக்கு வேண்டும். எங்களுள் இளையவர் உடன் பணிபுரியும் நண்பரோடு ஷிப்ட் மாற்றிக்கொண்டார். மூத்தவர் ஊதியமில்லா விடுப்பு எடுத்தார். ஒருநாள் ஊதியம் என்பது எங்கள் வீட்டில் சிறிய கணக்கன்று என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

மருத்துவர் மேலும் சிலவற்றைக் கேட்டறிந்தார். ஏலகிரி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரந்தான். அவ்வளவு உயரத்தில் காற்று மெலிந்து மூச்சு முட்டும் என்னும் அச்சம் அப்பாவுக்குத் தேவையில்லை என்றார். ஏரிகளைச் சுற்றிச் சமதரையில் நடக்கலாம், பேச்சு தடைபடும் அளவுக்கு மூச்சு வாங்கினால் உட்கார்ந்துவிட வேண்டும். மங்கலம் கிராமத்திலிருந்து சுவாமிமலை உச்சிக்கு ஏறும் பாதை மட்டும் அப்பாவுக்கு வேண்டாம் என்றார். அன்று காலை இரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டு கிளம்ப வேண்டும். மருந்துச் சீட்டு, உலர் எடை குறித்த அட்டை, அண்மைய இரத்தப் பரிசோதனை முடிவுகள் ஆகியவற்றைக் கையில் வைத்திருக்க வேண்டும். ஒரே நாளில் திரும்புவதால் வேறிடத்தில் டயாலிசிஸ் ஏற்பாடு செய்யும் தேவை எழவில்லை. இரண்டு மூன்று நாள் தங்குபவர்கள் சில வாரங்களுக்கு முன்பே அவ்வூர் மையத்தோடு பேசி இடம் உறுதி செய்துகொள்ள வேண்டும் என்றும், மஞ்சட்காமாலைக் கிருமிகளுக்கான பரிசோதனை முடிவுகளை அங்கே கேட்பார்கள் என்றும் அறிந்தோம்.

பிஸ்டுலா கையைப் பற்றிச் செவிலியர் தனியே அழைத்துச் சொன்னார். அப்பாவுக்கு இடக்கையில் தமனியையும் சிரையையும் இணைத்திருக்கிறார்கள். நியூயார்க்கில் பிரெசியா, சிமினோ முதலிய மருத்துவர்கள் 1966-இல் உலகுக்கு அறிவித்த அதே முறை. அந்தக் கையில் பை மாட்டக்கூடாது, கைக்கடிகாரம் இறுக்கக்கூடாது, அதன்மேல் தலை வைத்துத் தூங்கக்கூடாது. காரில் நான்கு மணி நேரம் செல்பவர்கள் இந்த மூன்றாவதைத்தான் மறப்பார்களாம். இடப்புற சன்னலோரம் அமர்ந்தால் கை சன்னலில் அழுந்தும் என்று எண்ணி அப்பாவை வலப்புறம் அமர்த்தினோம். விரல் வைத்தால் உணரக்கூடிய அதிர்வு இருக்கிறதா என்று வழியில் இருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டோம்.

தண்ணீருக்கு வருவோம். அப்பாவுக்கு நாளொன்றுக்கு 750 மில்லி. காப்பி, இரசம், மோர், கஞ்சி, பனிக்கட்டி எல்லாம் அதற்குள் அடக்கம். அம்மா ஓர் அரை லிட்டர் புட்டியை நிரப்பி, அதில் மூன்று இடங்களில் ரப்பர் வளையம் மாட்டினார். முதல் வளையம் வரை வேலூருக்குள், இரண்டாம் வளையம் வரை மதியத்துக்குள் என்று கணக்கு. மீதி 250 மில்லி காப்பிக்கும் உணவில் சேரும் நீருக்கும். தாகத்தைக் கட்டுப்படுத்தும் வழி தண்ணீரில் இல்லை, உப்பில் இருக்கிறது என்று உணவியல் வல்லுநர் எங்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். ஊறுகாய், அப்பளம், கடை உணவு இவற்றை உண்டுவிட்டுத் தண்ணீரை மட்டும் குறைக்க யாராலும் முடியாது. ஆகவே உப்புக் குறைத்த இட்லியும் வெங்காயச் சட்னியும் காலைக்கு. மதியத்துக்குச் சோறு, வேகவைத்து நீரை வடித்த முட்டைகோசுப் பொரியல், முட்டையின் வெள்ளைக்கரு. ஓர் ஆப்பிளில் பாதி.

காலை ஐந்து மணிக்கு வாடகைக் காரில் கிளம்பினோம். திருப்பெரும்புதூரில் நெடுஞ்சாலையைப் பிடித்தபோது இரவு ஷிப்ட் முடிந்து திரும்பும் பேருந்துகள் எதிரே வரிசையாக வந்தன. வழக்கமாக அந்த வரிசையில் எங்களுள் ஒருவர் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருப்பார். குளிர்சாதனக் காருக்குச் சற்றுக் கூடுதலாகச் செலவாயிற்று. ஆனால் வேலூர் வெயிலில் வியர்த்து நா வறள்வதைவிட அது மேல்.

வேலூரைக் கடக்கையில் அப்பா சாலையோரப் பலகைகளைப் படித்துக்கொண்டே வந்தார். இந்தியாவில் சிறுநீரக மாற்று அறுவை முதன்முதலில் வெற்றிபெற்ற இடங்களுள் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குத் தனியிடம் உண்டு, அது 1971-இல் நடந்தது என்று சொன்னோம். அவர் ஒன்றும் பேசவில்லை. மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து சிறுநீரகம் வேண்டிப் பதிந்துவிட்டுக் காத்திருக்கும் குடும்பங்களுக்கு அந்த மௌனம் புரியும். ஆம்பூரில் பிரியாணி மணம் காருக்குள் வந்தபோதுதான் வாய் திறந்தார். “இதை முகர்ந்தால் கணக்கில் சேருமா?” என்று கேட்டார். அவர் நகைச்சுவையாகப் பேசி நாங்கள் கேட்டு ஓராண்டு ஆகியிருக்கும்.

வாணியம்பாடி தாண்டி நெடுஞ்சாலையை விட்டு விலகி, பொன்னேரி என்னும் அடிவாரத்து ஊரிலிருந்து மலை ஏற வேண்டும். 14 கொண்டையூசி வளைவுகள். புலவர்கள், வள்ளல்கள் பெயர்கள் அவற்றுக்குச் சூட்டப்பட்டிருக்கின்றன. கம்பர், ஔவையார், பாரி என்று எங்கள் வீட்டுச் சிறுவன் உரக்கப் படித்துக்கொண்டே வந்து, பாதி வழியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு காரை நிறுத்தச் சொன்னான். தாத்தாவுக்காக நாங்கள் எடுத்துவந்த பிளாஸ்டிக் பைகள் பேரனுக்குப் பயன்பட்டன.

புங்கனூர் ஏரியை அடைந்தபோது மணி ஒன்பதரை. படகுத்துறையும் பூங்காவும் உள்ள இடம். ஏரியைச் சுற்றி நடக்கப் பாதை இருக்கிறது. நாலாபுறமும் குன்றுகள், நடுவே தண்ணீர். கூட்டம் இன்னும் சேரவில்லை. அப்பா நீரைப் பார்க்கவில்லை, கரையைத்தான் தேடினார். கொஞ்ச தூரம் நடந்ததும் நின்று, காலால் தரையைத் தட்டி, “இது போட்ட கரை” என்றார். ஆம், புங்கனூர் ஏரி மனிதர் அமைத்ததே. ஏலகிரி கூம்பு போன்ற ஒற்றைச் சிகரமன்று. மேலே அகன்ற மேட்டு நிலம், அதைச் சூழ்ந்து இன்னும் உயர்ந்த குன்றுகள். அக்குன்றுகளின் நீர் பள்ளம் நோக்கி வழிகிறது, பள்ளத்தின் வாயை அடைத்துக் கரை போட்டால் நீர் நிற்கிறது. எங்கள் பக்கத்துச் சமவெளி ஏரிகளின் கணக்கும் இதுவேதான், சரிவுதான் வேறு என்று பேரனுக்குக் குச்சியால் மண்ணில் கோடு கிழித்துக் காட்டினார். உபரி நீர் வெளியேறும் கலங்கல் எங்கே என்று ஒரு படகுக்காரரைக் கேட்டார். அவர் கைகாட்டிய திசைக்குப் போய்ப் பார்த்த பிறகுதான் அவருக்கு நிறைவு.

நடையை நாங்கள் துண்டு துண்டாக வகுத்துக்கொண்டோம். ஐந்து நிமிடம் நடை, பெஞ்சில் ஓய்வு, மீண்டும் ஐந்து நிமிடம். அவருடைய கால் விரல்களில் நீரிழிவால் உணர்ச்சி குறைவு. ஆகவே புதுச் செருப்பு வாங்காமல், பழகிய மூடிய காலணியையே அணிவித்தோம். ஓய்வின்போது கழற்றிக் கொப்புளம் உண்டா என்று பார்த்தோம். மற்றவர்கள் அரைமணியில் முடிக்கும் சுற்று எங்களுக்கு ஒன்றேகால் மணி ஆயிற்று. வாய் வறண்டபோது விழுங்காமல் கொப்புளித்துத் துப்பினார். புட்டியில் இரண்டாம் வளையம் இன்னும் தொடப்படவில்லை.

பலாப்பழம்தான் சோதனையாக வந்தது. ஏலகிரி பலாவுக்கும் தேனுக்கும் பெயர்பெற்றது. சாலையோரம் சுளைகளை உரித்துத் தட்டில் அடுக்கியிருந்தார்கள். பலாவில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகம் வெளியேற்றாத பொட்டாசியம் இரத்தத்தில் ஏறினால் வலியோ வீக்கமோ முன்னறிவிக்காமலேயே இதயத் துடிப்பைக் குலைத்துவிடும். இளநீர், வாழைப்பழம், ஆரஞ்சு, உலர்பழங்களுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. மலையூர்களில் விற்கும் நட்சத்திரப் பழத்தைச் சிறுநீரக நோயாளி ஒரு துண்டுகூடத் தொடக்கூடாது. அதிலுள்ள நச்சுப்பொருள் மூளையைத் தாக்கி வலிப்பு வரை கொண்டுபோகும். இவையெல்லாம் அப்பாவுக்கும் தெரியும். ஆயினும் தட்டின் முன் நின்றுவிட்டார். நாங்கள் இருவரும் ஒரே குரலில் ‘வேண்டாம்’ என்றோம். அந்தக் குரல் சற்றுக் கடுமையாகவே வந்துவிட்டது. கடைக்காரப் பெண்மணி எங்களை ஒருமாதிரி பார்த்தார். அப்பா பேரனுக்கு நான்கு சுளை வாங்கிக் கொடுத்துவிட்டு, அவன் தின்று முடிக்கும்வரை வேறு பக்கம் பார்த்தவாறு நின்றார். கொட்டைகளைக் கேட்டு வாங்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். வீட்டுப் புறக்கடையில் ஊன்றப் போகிறாராம்.

மதிய உணவுக்குப்பின் நிலாவூர் சென்றோம். அது புங்கனூரைவிடச் சிறிய ஏரி, ஆரவாரம் குறைவு. மரநிழலில் பாதை அமைதியாக இருந்தது. அப்பா பேரனோடு முன்னே நடந்தார். அம்மா எங்களோடு பின்னால் வந்தார். திடீரென்று அம்மா எங்களுள் ஒருவரின் தோளைப் பற்றினார். பற்றிய கை வழுவி அப்படியே தரையில் அமர்ந்துவிட்டார். முகம் வெளுத்து, நெற்றி வியர்த்திருந்தது. உதடுகள் வெடித்திருந்தன.

அன்று காலையிலிருந்து அவர் ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. காரில் எங்களுக்காகப் பெரிய தண்ணீர்க் கேன் ஒன்று இருந்தது. நாங்கள் எல்லோரும் அப்பா பாராதபோது கீழே குனிந்து குடித்துக்கொண்டோம். அம்மா குடித்தாரா என்று யாரும் கேட்கவில்லை. வீட்டில் அவர் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று குடிப்பார் என்பதும் அன்றுதான் தெரிந்தது. இரண்டு ஆண்டுகளாக அப்படித்தானாம். அப்பா இருக்கும் இடத்தில் சொம்பைத் தூக்க மனம் வரவில்லை என்றார். காரிலும் மலையிலும் கதவு ஏது?

அப்பா திரும்பி வந்தார். என்ன நேர்ந்தது என்று நாங்கள் சொல்வதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது. அவருடைய கையில் வளையம் மாட்டிய புட்டி இருந்தது. அதை நீட்டினார். “அது உங்களுடையது” என்றார் அம்மா. “குடி. நான் பார்க்கத்தான் போகிறேன்” என்றார் அப்பா. அதற்குள் கேன் வந்துவிட்டது. அம்மா ஒரு குவளை, பிறகு இன்னொன்று, சர்க்கரை கலந்து மூன்றாவது குவளை குடித்தார். அப்பா எதிரே சப்பணமிட்டு அமர்ந்து முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தம் புட்டியிலிருந்து ஒரு மிடறு குடித்து, வளையத்தைச் சரிபார்த்து மூடினார்.

அரைமணி நேரம் அங்கேயே இருந்தோம். அம்மாவின் நாடியும் இரத்த அழுத்தமும் சீரானதைக் கருவியில் பார்த்துக்கொண்டோம். அப்பாவுக்காக எடுத்துச்சென்ற கருவி அது. அம்மாவுக்கு ஒருமுறையாவது இரத்தப் பரிசோதனை செய்ததுண்டா என்று மருத்துவர் பிறகு கேட்டபோது நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சென்ற வாரம் செய்துவிட்டோம். சர்க்கரை அளவு எல்லையில் இருக்கிறது. இரத்தச் சோகை இருக்கிறது, மாத்திரை தந்திருக்கிறார்கள்.

திட்டத்தில் வேலவன் கோயிலும் இருந்தது. அதை விட்டுவிட்டு மாலை நான்கு மணிக்கே மலை இறங்கினோம். இறங்கும்போது அம்மாவும் அப்பாவும் பின்னிருக்கையில் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூங்கினார்கள். இடக்கை அழுந்தாமல் இருக்கிறதா என்பதை மட்டும் முன்னிருக்கையிலிருந்து திரும்பித் திரும்பிப் பார்த்துவந்தோம். வீடு சேர இரவு ஒன்பது. புட்டியில் இரண்டு விரற்கடை தண்ணீர் மீதமிருந்தது.

ஞாயிறு முழுவதும் அப்பா படுத்தேயிருந்தார். களைப்புத்தான் என்றாலும், இரவு எங்களில் ஒருவர் விழித்திருந்து மூச்சைக் கவனித்தோம். சித்திரை மாதத்து ஞாயிறு இரவை நாங்கள் மறக்கவில்லை. திங்கள் காலை எடை மேடையில் ஏறினார். இரு அமர்வுகளுக்கு இடையில் கூடிய எடை 2.3 கிலோ. வழக்கமான நீண்ட இடைவெளியில் மூன்றரைக்குக் குறைந்ததில்லை. எடையைக் குறித்துக்கொண்ட தொழில்நுட்பர் இருமுறை பார்த்துவிட்டு, “மலையில் தண்ணீரே கிடைக்கவில்லையா ஐயா?” என்று கேட்டார்.

பக்கத்துப் படுக்கையில் இருப்பவர் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வருபவர். அவருக்கும் ஆலைக்குச் செல்லும் மகன்கள் உண்டு, ஞாயிறுதான் விடுமுறை. அவரும் போகலாமா என்று கேட்டார். அப்பா நான்கு மணி நேரமும் அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். கரை, கலங்கல், புட்டி, வளையம், பலாச்சுளை எல்லாம் வந்தன. “சனிக்கிழமை போங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். பையனை ஷிப்ட் மாற்றச் சொல்லுங்கள். உங்கள் வீட்டம்மாள் தண்ணீர் குடிக்கிறாரா என்று நீங்கள் பாருங்கள்” என்றார்.

பலாக்கொட்டைகளில் இரண்டு முளைவிட்டிருக்கின்றன. அவற்றுக்கு நாள்தோறும் அம்மாதான் நீர் ஊற்றுகிறார். எத்தனை குவளை என்று அப்பா திண்ணையிலிருந்து எண்ணுகிறார். செடிக்கு ஊற்றியபின் அதே சொம்பில் அம்மா குடிப்பதையும் எண்ணுகிறார்.